குடியிருப்போர் சங்கம் தொடங்குகிறவர்களுக்கு: பதிவு, கணக்கு, தெருச் செய்தி

தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டது என்பது போன்ற ஒரு குறையிலிருந்துதான் பெரும்பாலான குடியிருப்போர் நலச்சங்கங்கள் பிறக்கின்றன. நான்கு வீட்டார் சேர்ந்து மாநகராட்சியின் பகுதி அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்த பிறகு, இதை ஒரு சங்கமாகவே நடத்தலாமே என்ற பேச்சு எழும். அதோடு, வசதியில்லாத பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தரலாம், தனியாக வாழும் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்ற நல்ல எண்ணங்களும் சேர்ந்துகொள்ளும். இந்த எண்ணங்கள் முதல் ஓராண்டைத் தாண்டி நிலைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுச் சட்டங்களையும் நடைமுறையையும் வைத்து இங்கே வரிசையாகச் சொல்கிறேன். சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர்ச் சங்கத்தில் முதலில் பொருளாளராகவும் பிறகு செயலாளராகவும் இருந்தபோது கற்றுக்கொண்டவை இவை. சிலவற்றைத் தவறு செய்துதான் கற்றோம்.

பதிவுக்கு முன்னால்

விண்ணப்பப் படிவத்தைத் தேடிப் போகும் முன் ஒரு சிறிய வேலையைச் சேர்ந்து செய்து முடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வடிகாலைச் சுத்தம் செய்வதாக இருக்கலாம். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பதாகவும் இருக்கலாம். கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறவர் யார், வேலைக்கு வந்து நிற்கிறவர் யார், செலவுச் சீட்டைக் கேட்காமலே எடுத்து நீட்டுகிறவர் யார் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் கூட்டத்திலிருந்தே தீர்மானப் புத்தகம் எழுதத் தொடங்குங்கள். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டாக அது இருக்க வேண்டும். தேதி, இடம், வந்தவர்கள் பெயர், எடுத்த முடிவு, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கடைசியில் கையெழுத்துகள் ஆகியவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதில் இடம்பெற வேண்டும். இந்தப் பழக்கம் யாரிடம் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருந்த பெண்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். தீர்மானம் எழுதுவதும், வரவு செலவுப் பதிவேட்டை அன்றன்றே முடிப்பதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. அவர்களில் ஒருவரைப் பொருளாளராக இருக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் சங்கம் இதை ஐந்தாம் ஆண்டில்தான் செய்தது. முதலாண்டிலேயே செய்திருக்க வேண்டும்.

சங்கமா, அறக்கட்டளையா

அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவு செய்தால் போதும், இரண்டு மூன்று பேரே நடத்தலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஒரு குடும்பம் தன் பணத்தைக் கொண்டு செய்யும் கொடைக்கு அது பொருந்தும். தெருவில் உள்ள எல்லோரிடமும் சந்தா வாங்கி, எல்லோருடைய பெயரிலும் மனுக் கொடுக்கும் அமைப்புக்குப் பொருத்தமானது சங்கமே, ஏனென்றால் அதில் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு, நிர்வாகிகளை மாற்ற வழி உண்டு.

சங்கங்களைப் பதிவு செய்வது 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி நடக்கிறது. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளம் வழியாகவும் இப்போது விண்ணப்பிக்கலாம். இருபது உறுப்பினர்களுக்குக் குறையாத சங்கமோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாய்க்குக் குறையாத சங்கமோ பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு பொங்கல் விழா நடத்தினாலே இந்தத் தொகை தாண்டிவிடும் என்பதால், பதிவைத் தள்ளிப்போட நியாயம் எதுவும் இல்லை.

விண்ணப்பத்தோடு சங்க விவரக் குறிப்பையும், எல்லோரும் பைலா என்று சொல்லும் துணை விதிகளையும் கொடுக்க வேண்டும். பத்திரம் எழுதுபவரிடம் ஆயத்த நகல் ஒன்று இருக்கும். பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார். தயவுசெய்து அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பின்னாளில் சண்டை வரும்போது எல்லோரும் தேடிப் படிக்கப்போவது இந்தப் பக்கங்களைத்தான். சட்டப்படி நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படக் கூடாது. அதே ஆட்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதால், ஒருவர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக் கூடாது என்று நீங்களாகவே எழுதிக்கொள்வது நல்லது. பொதுக்குழுவுக்கு எத்தனை பேர் வந்தால் போதும் என்ற குறைவெண், காசோலையில் யார் யார் கையெழுத்திடுவது, குழுவின் ஒப்புதல் இல்லாமல் பொருளாளர் எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு ஆகியவற்றை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதுங்கள். வருமானத்தை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது என்பதையும், சங்கம் கலைந்தால் எஞ்சிய சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு பொதுநல அமைப்புக்குப் போகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் பின்னர் வருமான வரித்துறையிடம் சலுகை கேட்கும்போது விண்ணப்பம் நின்றுவிடும். விதிகளைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம், மறுபடியும் பதிவாளர் அலுவலகம் என்று அலைய நேரும்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துவிடுவதுதான் பல சங்கங்கள் செய்யும் தவறு. ஆண்டுதோறும் பொதுக்குழுவை இருபத்தொரு நாள் முன்னறிவிப்போடு கூட்ட வேண்டும். கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதற்குரிய படிவம் ஏழில் தெரிவிக்க வேண்டும். இவற்றை நான்கைந்து ஆண்டுகள் விட்டுவிட்டு ஒரே நாளில் சரிசெய்ய முயல்கிற சங்கங்களின் துன்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பழைய தலைவர் இறந்திருப்பார், பழைய செயலாளர் வெளியூர் போயிருப்பார், கையெழுத்து வாங்க ஆளிருக்காது.

பணம்

சங்கத்தின் பெயரில் நிரந்தரக் கணக்கு எண் (பான்) வாங்கி, வங்கிக் கணக்கு தொடங்கும் வரை ஒரு ரூபாய்கூட நன்கொடை வாங்காதீர்கள். இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். எங்கள் சங்கத்தின் முதலாண்டில், வங்கிக் கணக்கு வரத் தாமதமானதால், உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கே எல்லோரும் ஜிபேயில் பணம் அனுப்பினோம். அவர் நேர்மையானவர். ஆனாலும் அவருடைய வீட்டு வரவு செலவோடு சங்கப் பணம் கலந்துவிட்டது. மூன்று பேர் அனுப்பிய தொகை எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. தொகை சிறியதுதான். அந்த மூன்று வீட்டாரும் மறுபடி சந்தா கொடுக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. பழி சுமந்த அந்த மனிதர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஆகவே, சங்கக் கணக்கின் கியூஆர் அட்டையை வாங்கி அதை மட்டும் பயன்படுத்துங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். இருவரில் ஒருவர் பொருளாளராக இருப்பது நல்லது.

வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், நகல் விழும்படி வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது கிழித்துக் கொடுக்க வேண்டும். கிழித்துப் பாழான ரசீதைத் தூக்கி எறியாமல், குறுக்கே கோடிட்டுப் புத்தகத்திலேயே வைத்திருங்கள்.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் கிராமங்களில், விழா முடிந்த சில நாட்களில் ஊர்க் கூட்டத்தில் கணக்குப் படிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வாழை மரம் எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒருவர் உரக்கப் படிப்பார். கேள்வி கேட்பவர் கேட்பார். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. வாரியம் எனும் ஊர் நிர்வாகக் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக் கூடாது என்ற விதியும் அங்கேதான் இருக்கிறது. நகரத்துச் சங்கங்கள் இந்த வழக்கத்தைத் தணிக்கை அறிக்கை என்ற ஒரு தாளுக்குள் அடக்கிவிட்டன. தணிக்கை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆடிட்டர் கையெழுத்திட்ட தாளை யாரும் படிப்பதில்லை. கூட்டத்தில் உரக்கப் படித்தால் எல்லோரும் கேட்கிறார்கள்.

வருமான வரி விஷயத்தில் இரண்டு படிகள் உள்ளன. சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பெறுவது ஒன்று, நன்கொடையாளருக்குச் சலுகை கிடைக்கச் செய்வது மற்றொன்று. இவற்றை 12ஏ, 80ஜி என்று பிரிவு எண்களாலேயே எல்லோரும் குறிப்பிடுவார்கள். புதிய அமைப்புக்கு முதலில் மூன்று ஆண்டுகளுக்குத் தற்காலிகப் பதிவுதான் கிடைக்கும். பணிகளைத் தொடங்கிய பிறகு, காலக்கெடு தவறாமல் முறையான பதிவுக்கு மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்குச் சலுகை இல்லை என்பதை நன்கொடையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. பழைய சங்கத்தின் கோப்பைப் பார்த்து நகலெடுக்காமல், ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நல்லெண்ணத்தால் மட்டுமே சிக்கிக்கொள்ளும் இடம் வெளிநாட்டுப் பணம். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை செய்யும் உங்கள் தெருப் பிள்ளை இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஆகவே, பணம் வாங்கும் முன் கடவுச்சீட்டின் நகலைக் கேளுங்கள். கேட்பதில் தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று: சங்கத்தின் பெயரில் சீட்டு நடத்த யாராவது யோசனை சொன்னால் அன்றே மறுத்துவிடுங்கள். சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டின் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும், தவிர ஒருவர் தவணை கட்டாமல் போனால் தெருவே இரண்டாகிவிடும்.

செய்தி சொல்லுதல்

நன்கொடை கேட்டுப் போகும்போது மக்கள் கேட்பது ஒரே கேள்விதான்: போன தடவை கொடுத்தது என்ன ஆயிற்று? அதற்கு அவர்கள் கேட்கும் முன்பே பதில் சொல்லியிருக்கும் சங்கத்துக்குப் பணமும் ஆளும் கிடைக்கின்றன. சங்கத்தின் செய்தி வேலை என்று நான் சொல்வது இதைத்தான். பதிவைவிட, வரிச்சலுகையைவிட, இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு அறிவிப்புப் பலகை. பால் வாங்கவும் பேருந்துக்கு நிற்கவும் மக்கள் கூடும் இடத்தில், கடைக்காரரின் சம்மதத்தோடு, ஒரு கரும்பலகை போதும். பொதுச் சுவரில் எழுதுவதும் சுவரொட்டி ஒட்டுவதும் 1959-ஆம் ஆண்டின் பொது இடங்களைச் சீர்கெடுப்பதைத் தடுக்கும் சட்டப்படி குற்றம். ஃபிளெக்ஸ் பேனருக்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். பலகையில் எந்த நேரமும் மூன்று செய்திகளுக்கு மேல் இருக்க வேண்டாம், நாள் கடந்ததை மறுநாளே அழித்துவிட வேண்டும். அழிக்காத பலகையை மக்கள் ஒரு மாதத்தில் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

கைப்பேசியில் எல்லாம் வந்துவிட்ட காலத்தில் பலகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பகுதி கிடந்த நிலையைச் சொல்வேன். மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் அணைந்துவிட்டன, அலைவரிசையும் விட்டு விட்டுத்தான் வந்தது. வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேர் இருந்தும் ஒருவருக்கும் ஒரு செய்தி போகவில்லை. தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஆகியோரின் வீட்டு எண்களை ஒரு தாளில் எழுதிப் பொருளாளரம்மா வைத்திருந்தார். அந்தத் தாளை வைத்துத்தான் படகு வந்தபோது எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று சொல்ல முடிந்தது. பால் எங்கே கிடைக்கும், சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கரும்பலகையில் எழுதினோம். அப்படியொரு தாளை ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், வீடு வீடாகக் கேட்டுப் புதுப்பியுங்கள். அது சங்கத்தின் பெட்டியில் மட்டும் இருக்கட்டும், எந்தக் குழுவிலும் படம் எடுத்துப் போட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழுக்கள் வையுங்கள். ஒன்றில் நிர்வாகிகள் மட்டும் அறிவிப்பு இடலாம். மற்றொன்றில் எல்லோரும் பேசலாம். ஒரே குழுவாக இருந்தால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தண்ணீர் லாரி வரும் நேரம் புதைந்துபோகும்.

மாதம் ஒரு தாள் அச்சிடுவதாக இருந்தால், அதைச் சங்கத்தின் கூட்டம், பணி, கணக்கு ஆகியவற்றைச் சொல்லும் உறுப்பினர் சுற்றறிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் செய்திகளும் அவற்றின் மீதான கருத்தும் தாங்கிச் சீரான இடைவெளியில் அச்சாகும் இதழாக அது வளருமானால், 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டப்படி பதிவு வேண்டும். பகுதிச் செய்தித்தாள் நடத்தும் ஆசை உள்ளவர்கள் அந்தப் பதிவை முறையாகச் செய்துகொண்டு நடத்தலாம். சென்னையில் பகுதி இதழ்கள் பல ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன.

அறிவிப்பை எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "நமது சங்கத்தின் சார்பில் மாபெரும் இலவச மருத்துவ முகாம் நடைபெற உள்ளதால் அனைவரும் திரளாக வந்து பயன்பெறுமாறு அன்புடன் அழைக்கிறோம்" என்றுதான் முன்பு எழுதி வந்தோம். வந்தவர்கள் குறைவு. அடுத்த முறை இப்படி எழுதினோம்: "ஞாயிறு காலை 8 முதல் 12 மணி வரை, நடுநிலைப் பள்ளியில் கண் பரிசோதனை. கட்டணம் இல்லை. பழைய கண்ணாடியும் மருந்துச் சீட்டும் இருந்தால் கொண்டுவரவும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிட்டுவிட்டே வரலாம். நடக்க முடியாதவர்களை அழைத்துவர ஆட்டோ உண்டு. சனிக்கிழமை மாலைக்குள் சொல்லவும்." கூட்டம் முன்பைவிட நன்றாகவே வந்தது. முகாம் முடிந்த மறுநாள் பலகையில், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்குக் கண்புரை அறுவை தேவைப்பட்டது, ஆட்டோவுக்கு எவ்வளவு செலவு என்று எழுதினோம். அழைப்பு எழுதுகிறவர்கள் பலரும் இந்த இரண்டாவது அறிவிப்பை எழுதுவதில்லை. அடுத்த முகாமுக்குப் பணம் கொண்டுவருவது அதுதான்.

நாளிதழ்களில் செய்தி வர வேண்டுமானால், உங்கள் வட்டாரத்துக்கான நிருபர் யார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் நாளிதழ்களுக்கு மாவட்ட வாரியான பக்கங்கள் இருப்பதால் சிறிய செய்திக்கும் அங்கே இடம் கிடைக்கும். நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்பு ஒரு பக்கச் செய்திக் குறிப்பு, முடிந்த அன்றே நான்கு வரியும் ஒரு படமும் அனுப்புங்கள். பொன்னாடை போர்த்தும் படத்தை அனுப்பாதீர்கள். வேலை நடக்கும் படத்தை அனுப்புங்கள். நிருபருக்குப் பணமோ பரிசோ கொடுக்க வேண்டாம், கொடுக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்கவும் வேண்டாம். அருகில் சமுதாய வானொலி இருந்தால் அவர்களையும் அணுகுங்கள். 2004-இல் சென்னையில் தொடங்கிய அண்ணா பண்பலை, பாம்பன் மீனவர்களுக்காக இயங்கும் கடல் ஓசை போன்றவை தங்கள் பகுதி மக்களின் குரலுக்காகவே நடத்தப்படுபவை.

உதவி பெறுகிறவர்களின் முகத்தைக் காட்டுவதில் மிகுந்த கவனம் வேண்டும். அரிசிப் பையோடு ஒரு மூதாட்டியை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும். அப்படி எடுக்கச் சொல்லும் நன்கொடையாளரிடம், பை அடுக்கிய படத்தையும் ரசீதையும் தருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரியது.

அரசிடமும் நிறுவனங்களிடமும்

நகரப் பகுதிகளில் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று 2022-இல் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. கிராமத்தில் கிராம சபை. அங்கே கோரிக்கையை வாய்மொழியாகச் சொல்லாமல், எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பூங்கா, பள்ளிக் கட்டடம் போன்ற பணிகளுக்கு நமக்கு நாமே திட்டம் உதவும். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை முதலாண்டிலேயே துரத்த வேண்டாம், ஏனென்றால் அதற்கு வரிப் பதிவுகளும் மூன்று ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். அந்த மூன்று ஆண்டுகளின் கணக்கும் படங்களும் ஒழுங்காக இருந்தால் அப்போது போய்க் கேட்கலாம்.

அடுத்தவரிடம் ஒப்படைத்தல்

பதவிக்காலம் முடியும்போது ஒப்படைக்க ஒரு தகரப் பெட்டி வாங்கிவையுங்கள். பதிவுச் சான்றிதழ், முத்திரையிட்ட துணை விதிகள், தீர்மானப் புத்தகங்கள், தீர்ந்த ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள், ஆண்டுவாரியாகக் கணக்கும் தாக்கல் செய்த ஒப்புகைகளும், வங்கிப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, மழைக்காலத் தாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மின்னஞ்சல், இணையதளக் கடவுச்சொற்களை ஒரு உறையில் ஒட்டி வையுங்கள். ஒப்படைத்த அன்றே அவற்றைப் புதியவர்கள் மாற்றிக்கொள்ளட்டும். வங்கியில் கையெழுத்து மாற்றும் தீர்மானத்தை அதே கூட்டத்தில் எழுதுங்கள். பிறகு பெட்டியில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, பெற்றுக்கொண்டதாகப் புதிய செயலாளரிடம் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுங்கள்.